காதில் விழாத பதினாறு நாள்

புரட்டாசி 22, செவ்வாய்

காற்று திரும்பிவிட்டது. இத்தனை நாள் கொடித் துணியெல்லாம் தெருப்பக்கம் பறக்கும். இன்று காலையில் வீட்டுப்பக்கமாகப் பறந்து என் முகத்தில் அடித்தது. வத்தலக்குண்டில் இது ஆரம்பித்தால் பத்து நாளில் மழை. புழுங்கல் அரிசி மூட்டையைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னேன். மருமகள் தமயந்தி "சரிங்கத்தை" என்றாள், வைக்கவில்லை. நானே இழுத்து வைத்தேன்.

தீபாவளிக்கு இன்னும் இருபத்து மூன்று நாள். பேத்தி அபிநயாவுக்கு ஆவணியில் கல்யாணம் முடிந்தது. தலைத்தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு வருகிறாள். இந்த வீட்டில் தீபாவளியன்று எல்லார் தலையிலும் எண்ணெய் வைப்பது மூத்தவள் வேலை. மாமியார் போனபிறகு முப்பத்தோரு வருஷமாக என் கைதான். புதுமாப்பிள்ளை தலைக்கும் முதல் எண்ணெய் என் கைதான்.

மத்தியானம் போடியிலிருந்து குருவம்மா பேசினாள். என்னோடு பிறந்தவள் அவள் ஒருத்திதான். நான்கு வயது இளையவள்.

"ஒம் பேத்தி தலைத்தீவாளிக்கு எனக்கு என்ன சீல எடுத்திருக்க?"

"நீ என்ன புதுப்பொண்ணா? இருக்கறதத் தொவச்சுக் கட்டு."

"சரி, அதிரசமாச்சும் ஒழுங்கா சுடு. போன வருசம் நீ குடுத்துவிட்டதக் கடிச்சு எனக்குக் கடவாப்பல்லு ஆடிருச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்போடு இருமலும் வந்தது. என் அதிரசத்தை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. போனை வைத்துவிட்டேன். வேண்டுமானால் அவளே கூப்பிடட்டும்.

புரட்டாசி 25, வெள்ளி

சரஸ்வதி பூசை. அரிவாள்மனை, அரிசிப்படி, பஞ்சாங்கம், இந்த டைரி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் இந்த வீட்டில் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மகன் ஜெயக்கொடி பி.காம். அவனுக்கு அமாவாசை எப்போது என்று என்னிடம்தான் கேட்க வேண்டும்.

மூன்று நாளாகக் குருவம்மா பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. மூத்தவள் நான்.

புரட்டாசி 26, சனி

ஜெயக்கொடி என் போனை எடுத்துக்கொண்டு போனான்.

"சார்ஜ் நிக்க மாட்டேங்குதும்மா. கடையில குடுத்துப் பாக்குறேன்."

"நேத்துப் பூராவும் நின்னுச்சே."

"உங்களுக்குத் தெரியாதும்மா."

காலையில் அவனும் அவன் அப்பாவும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காபியோடு போனதும் பேச்சு மழைக்கு மாறிவிட்டது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

புரட்டாசி 28, திங்கள்

ஜெயக்கொடி ஆபீஸ் வேலையாக மதுரைக்கு என்று சொல்லி விடியலில் போனான். சாயங்காலம் திரும்பினவன் வாசல் வழியாக வரவில்லை. பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய்க் குழாயடியில் நின்று தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டான். தமயந்தி துண்டையும் மாற்று வேட்டியையும் கல்லின் மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். கழற்றின சட்டையை அவன் கையாலேயே வாளியில் முக்கினான்.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே வந்ததும், "என்னப்பா, வெளியவே குளிச்சிட்ட?" என்றேன்.

"கசகசன்னு இருந்துச்சும்மா."

கண் சிவந்திருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது என் பழக்கம் இல்லை.

புரட்டாசி 29, செவ்வாய்

எனக்கு விளங்கிவிட்டது. இதை எழுதினால் அறிந்ததாக ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் அந்த வார்த்தையை மட்டும் எழுதவில்லை.

எங்கள் பக்கத்தில் உடன்பிறந்தவர்களுக்குப் பதினாறு நாள் துக்கம். சேதி காதில் விழுந்த நாளிலிருந்து கணக்கு. விழாதவரை கணக்கு கிடையாது. துக்கம் வந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. புதிதாகக் கல்யாணமான ஜோடி அந்த வாசலை மிதிக்காது. தலைத்தீபாவளி அடுத்த வருஷம் வராது, அது ஒரே தடவைதான்.

அதனால் நல்ல காரியம் இருக்கிற வீட்டில் சேதியைக் காதில் போடாமல் வைப்பார்கள். அதில் தப்பில்லை. நானே செய்திருக்கிறேன். குருவம்மா மகன் முருகவேலுக்குக் கல்யாணம் நடந்தபோது, எங்கள் தாய்மாமன் தவறின சேதியோடு ஓர் ஆள் சைக்கிளில் வந்தான். மண்டப வாசலிலேயே நிறுத்தி, காபி கொடுத்து, தாலி ஏறுகிற வரைக்கும் அவனைப் பேசவே விடவில்லை நான். அன்று சாயங்காலம் குருவம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருந்தியோ, எங்கல்யாண வீடு தப்பிச்சுச்சுக்கா" என்றாள்.

என்னிடமே என் வித்தையைக் காட்டுகிறார்கள். போன் ரிப்பேராம்.

புரட்டாசி 31, வியாழன்

பகலில் முதல் மழை. கால் மணி நேரம்தான். மண் வாசனை வந்தது. எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். நான் போகவில்லை.

ஐப்பசி 1, வெள்ளி

அவர் சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். ஐம்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை.

ஐப்பசி 2, சனி

பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். என் காதில் யாரும் சொல்லவில்லை, அதனால் வீட்டுக்குத் துக்கம் இல்லை. சரி. ஆனால் என் கை? உள்ளுக்குள் தெரிந்துகொண்டே பேத்தி தலையில் இந்தக் கையால் எண்ணெய் வைக்கலாமா? அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அவன் கொல்லையில் குளித்த திங்கட்கிழமையை முதல் நாளாக வைத்து எண்ணினேன். பதினாறாம் நாள் ஐப்பசி 12, செவ்வாய். தீபாவளி 14, வியாழன். நடுவில் ஒரு நாள் சுத்தமாகக் கிடக்கிறது. குருவம்மா எப்போதும் எனக்கு விட்டுக்கொடுப்பவள். இதிலும் கொடுத்திருக்கிறாள்.

யாருக்கும் தெரியாமல் பதினாறு நாளையும் கழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ராத்திரிச் சோறு வேண்டாம், வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பாயில்லாமல் படுக்கலாம், முதுகுவலி என்று சொல்லிக்கொள்ளலாம். எண்ணெய்ச் சட்டி பக்கம் மட்டும் போகக் கூடாது.

ஐப்பசி 3, ஞாயிறு

பக்கத்து வீட்டு வேலுத்தாய் கறிவேப்பிலைக்கு வந்தாள். அவளுடைய அண்ணன் வீடு போடியில்தான். வாசலில் நின்றபடியே தொடங்கினாள்.

"மதினி, ஒங்க தங்கச்சியப் பத்தி எங்கண்ணன் சொன்னாரு. ஒரு எட்டு..."

"அய்யய்யோ, அடுப்புல பாலு!" என்று உள்ளே ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது. மிக்ஸியில் தேங்காயைப் போட்டுச் சுற்றவிட்டேன். அது கூழாகிற வரை நிறுத்தவில்லை. எட்டிப் பார்த்தபோது அவள் போயிருந்தாள். கறிவேப்பிலையையும் பறித்துக்கொள்ளவில்லை.

தப்பித்தோம்.

ஐப்பசி 6, புதன்

மூன்று நாளாக அடைமழை. அதிரசத்துக்கு ஊறவைத்த அரிசியை வேட்டியில் விரித்து மின்விசிறிக்குக் கீழே போட்டால் காய்வதற்குப் பதில் புளிக்கிறது. ஈசல் வேறு வந்து விழுகிறது. கட்டில் கால் வரைக்கும் சுவரில் ஓதம். தோய்த்த துணி மூன்றாம் நாளும் ஈரம். தேங்காய் எண்ணெய் உறைந்து போச்சு.

"அத்தை, முறுக்காச்சும் இன்னிக்குச் சுத்திருவோமா?" என்றாள் தமயந்தி.

"மழையில நமுத்துப் போகும். பொறு."

"கடையில வாங்கிருவோம்னா அதுக்கும் வைவீங்க."

"மாப்பிள்ளைக்குக் கடை முறுக்கா? அப்புறம் எதுக்குடி நான் இருக்கேன்?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் வெங்காயம் எடுத்து உரித்தேன். சாம்பாருக்கு வேண்டியதற்கு மேல் அரைக் கிலோ உரித்துவிட்டேன். வெங்காயத்துக்கு அழுதால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சின்ன வயதில் இப்படி மழை பிடித்தால் குருவம்மாவும் நானும் ஒரே சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். அவள் பக்கம்தான் எப்போதும் நனையும். நான்தான் சாக்கைப் பிடிப்பேன்.

ஐப்பசி 9, சனி

அவர் இன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவரும் இரண்டு மூன்று கல்லைப் பொறுக்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பய வேணாங்குறான். எனக்கு மனசு கேக்கல."

"எதுவா இருந்தாலும் தீவாளி முடியட்டும்."

"அது வரைக்கும் வச்சிருக்கக் கூடாதுன்னுதான்..."

"பேத்தி வந்துட்டுப் போகட்டும்ங்கறேன். அதுக்கப்புறம் என்ன வேணா சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன். இப்ப வாயத் தொறந்தீங்க, நான் எந்திரிச்சு மழையில போயிருவேன்."

"நீ நெனைக்கிற மாதிரி..."

நான் முறத்தோடு எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். மழை அடித்துக்கொண்டிருந்தது. உளுந்தெல்லாம் நனைந்தது. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பாவம், அந்த மனுஷருக்குப் பொய்யை வைத்துக்கொள்ளத் தெரியாது.

ஐப்பசி 10, ஞாயிறு

அபிநயா அவள் அப்பா போனில் பேசினாள். பட்டுப்புடவையா சுடிதாரா என்று கேட்டாள். காலையில் புடவை, சாயங்காலம் எது வேண்டுமானாலும் உடுத்திக்கொள் என்றேன். "அப்பத்தா, குரலு ஏன் கம்மியிருக்கு?" என்றாள். மழை என்றேன்.

ஐப்பசி 12, செவ்வாய்

பதினாறாம் நாள்.

அவர் சலூனுக்குப் போனார். ஜெயக்கொடி ஆபீஸில். தமயந்தி பதினோரு மணிக்குப் பலசரக்குக் கடைக்குக் கிளம்பினாள். கதவைச் சாத்திவிட்டுத் தலைக்குக் குளித்தேன். ஒரு பிடி சோறு, எள், ஒரு செம்பு தண்ணீர். மொட்டைமாடிக்குப் போனேன். பெண்பிள்ளை செய்யக் கூடாதுதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் பெயரையும் எங்கள் அய்யா பெயரையும் சொல்லி, தெற்கே பார்த்து எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். மூன்று தடவை.

"ஒம் மொகத்தப் பாக்க வரலடி. கோச்சுக்காத. பேத்திக்கு ஒரே ஒரு தீவாளி. நீயா இருந்தாலும் இதத்தான செஞ்சிருப்ப" என்றேன்.

சோற்றைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிட்டேன். தூறல். ஒன்றுகூட வரவில்லை. எதிர்வீட்டு ஆன்டெனாவில் ஒரு காக்கை நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோறு கரைந்து சுவரில் வழிந்தது. கோபம் தீரவில்லை போலிருக்கிறது.

இறங்கி வந்து, முன்பே பாகில் கிளறி வைத்திருந்த மாவை எடுத்துக்கொண்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்தேன். சாயங்காலத்துக்குள் அறுபது அதிரசம் சுட்டேன், முறுக்கும் சுற்றினேன். தமயந்தி ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "பஞ்சாட்டம் இருக்கு அத்தை" என்றாள்.

ஐப்பசி 13, புதன்

வந்துவிட்டார்கள். ஆலம் சுற்றினேன். அபிநயா கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், கழுத்தில் தாலிக்கயிறு மஞ்சள் இன்னும் போகவில்லை. மாப்பிள்ளை பிரவீன் திண்டுக்கல்காரன், அதிகம் பேசாதவன். நான்கு அதிரசம் சாப்பிட்டான்.

"பாட்டி, நாளைக்கு எவ்வளவு எண்ணெய் வைப்பீங்க? எனக்குச் சளி பிடிக்கும்."

"அப்பத்தா அரை லிட்டரு ஊத்தும், கண்ணு எரியும், அழக் கூடாது" என்றாள் அபிநயா.

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயக்கொடி மட்டும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான்.

ஐப்பசி 14, வியாழன். தீபாவளி

விடியலில் பலகை போட்டு, கோலத்தின் மேல் இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சியிருந்தேன். கையில் அள்ளினபோது பதினாறு நாளையும் மனசுக்குள் இன்னொரு தடவை எண்ணினேன். பிறகு வைத்தேன். அவள் தலையில் மூன்று தடவை, அவன் தலையில் மூன்று தடவை. சூடு உச்சியில் இறங்கினதும் அபிநயா கண்ணை மூடிக்கொண்டு என் வயிற்றில் சாய்ந்துகொண்டாள்.

மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் புகை. புதுப்புடவையோடு காலில் விழுந்தார்கள். நூறு வருஷம் இருங்க என்றேன்.

நான் நினைத்ததை முடித்துவிட்டேன். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் விழவில்லை. சாயங்காலம் ஜெயக்கொடிக்கு ஒரு போன் வந்தது. அதன்பிறகு அவன் மத்தாப்பு கொளுத்த வெளியே வரவில்லை. தலைவலி என்றான். இன்னும் ஒரு ராத்திரிதானப்பா, பொறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நாளை அவனே சொல்வான். நாளை நான் வாய்விட்டு அழலாம்.

ஐப்பசி 16, சனி. போடி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்கு அபிநயாவும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். கார் திரும்பினதும் நான் உள்ளே போய்ப் பழைய நூல்புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஜெயக்கொடி என் காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"ம்மா, போடிக்குக் கெளம்பணும்."

"தெரியும்ப்பா. சீலகூட மாத்திட்டேன் பாரு. நீங்க மறைச்சதும் நல்லதுக்குத்தான். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டனா?"

"ஒங்களுக்கு யாரும்மா சொன்னா? நேத்துச் சாயங்காலந்தான எனக்கே போன் வந்துச்சு."

"எதுக்கு?"

"சித்தி போனதுக்கு."

அவன் குழம்பிப்போய்ப் பேசுகிறான் என்றுதான் நினைத்தேன். "பதினெட்டு நாளாச்சேப்பா" என்றேன்.

"என்னம்மா சொல்றீங்க? சித்திய ஆஸ்பத்திரியில சேத்தே இருவது நாள்தான் ஆகுது. நேத்துச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான்..."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவன் அழுதுகொண்டே சொன்னான். மூச்சுத் திணறல். தேறிவிடுவாள் என்றுதான் டாக்டர் சொன்னாராம். அங்கே ஒரு உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது இங்கே தலைத்தீபாவளியா என்று சம்பந்தி வீட்டில் மாப்பிள்ளையை அனுப்பாமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்தார்களாம். எனக்குத் தெரிந்தால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வேன், ஊருக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தார்களாம். தீபாவளிக்கு மறுநாளே என்னை அழைத்துக்கொண்டு போய்விடலாம் என்று இருந்தார்களாம்.

"அந்தத் திங்கக்கெழம கொல்லையில குளிச்சியே?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தேம்மா. நெஞ்சு நோய்க்காரங்க வார்டு. அப்படியே வீட்டுக்குள்ள வரக் கூடாதேன்னு குளிச்சேன்."

"என்னையக் கேட்டாளா?"

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவர்தான் வாசல்படியில் நின்றபடி சொன்னார். "கேட்டுச்சு. நானும் ஒரு நாள் போயிருந்தேன். அக்கா போன வச்சுட்டா, இன்னும் கோவம் தீரலயான்னு கேட்டுச்சு. அதத்தான் அன்னைக்கு ஒங்கிட்டச் சொல்ல வந்தேன்."

வத்தலக்குண்டிலிருந்து போடிக்கு இரண்டு மணி நேரம். கால் மணிக்கு ஒரு பஸ். இருபது நாள்.

எனக்காக எடுக்காமல் வைத்திருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை நான்தான் போர்த்த வேண்டும். போர்த்தினேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, ஏதோ கேட்க வந்தவள் மாதிரி. எல்லாரும் அடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு வரவில்லை. நான் ஏற்கெனவே அழுது முடித்திருந்தேன். அவள் உயிரோடு கேட்டுக்கொண்டிருந்த நாளில்.

ஐப்பசி 17, ஞாயிறு. போடி

அவரும் ஜெயக்கொடியும் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வெயில் அடிக்கிறது. குருவம்மா புடவைகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார்கள்.

முருகவேல் காலண்டரோடு வந்து உட்கார்ந்தான். மொட்டை போட்ட தலை. என்னை விட்டால் கேட்க வேறு பெரியவர்கள் இல்லை.

"பெரியம்மா, பதினாறாம் நாளு எப்ப வருதுன்னு பாத்துச் சொல்லுங்க. நீங்கதான கரெக்டா சொல்வீங்க."

எண்ணினேன். ஐப்பசி 29, வெள்ளி. சொன்னேன்.

"எள்ளு எவ்வளவு வாங்கணும்?"

காலண்டரை அவன் மடியில் வைத்தேன். மொட்டைமாடியில் நான் செய்ததை ஜெயக்கொடியிடம் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. இவனிடம் எப்படிச் சொல்வேன்? உயிரோடு இருந்தவள் பெயரைச் சொல்லி மூன்று தடவை இறைத்தேன்.

என் முகத்தைப் பார்த்து எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினான்.

"வெசனப்படாதீங்க பெரியம்மா. தேறித்தான் வந்துச்சு. செவ்வாக்கெழம காலையில ரெண்டு இட்லி சாப்புட்டுச்சு. தீவாளி முடிஞ்சு வீட்டுக்கே அனுப்பிரலாம்னு டாக்டர் சொல்லிட்டுப் போனாரு. அக்கா அதிரசம் வரும், பல்லு இருக்கப்பவே திங்கணும்னு சிரிச்சுச்சு. அன்னைக்கே திடீர்னு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. அதுக்கப்புறம் கண்ணே தொறக்கல."

செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. அவனே யோசித்து, "மணி இருக்கும் பெரியம்மா, ஒரு..." என்று வாயெடுத்தான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.